என்னிடம் கேட்ட நீதிபதி

என்னைப் பெற்றவள் ஆவடியில் இருந்தாள். வளர்த்தவள் கரையான்சாவடியில் இருந்தாள். இருவரும் உடன்பிறந்த அக்கா தங்கை. வளர்த்தவளைத்தான் நான் அம்மா என்று கூப்பிட்டேன். பெற்றவளுக்கு ‘ஆவடி அம்மா’ என்று பெயர். படிப்பவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக இங்கே வளர்த்தவளைப் பெரியம்மா என்று எழுதுகிறேன். அப்படி எழுதும்போதே அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வதுபோல் இருக்கிறது.

நான் தவழத் தொடங்கிய சமயத்தில் ஆவடி அம்மாவுக்குக் காசநோய் வந்தது. குழந்தையைப் பக்கத்தில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளே என்னைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தாம்பரம் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. பெரியப்பா கரையான்சாவடி மெயின் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரை நான் நைனா என்று கூப்பிட்டேன். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனையில்தான் நான் வளர்ந்தேன்.

ஆவடி அம்மா பிழைத்து வந்தாள். ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று என்னை அழைத்துக்கொள்ளாமலே வருடங்கள் ஓடின. இதற்கிடையில் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். அப்பா திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசமாட்டார். மாதத்துக்கு ஒருமுறை இருவரும் பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார்கள். ஆவடி அம்மா என்னிடமிருந்து சற்றுத் தள்ளியே உட்காருவாள். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியும் அவள் அதை முழுக்க நம்பவில்லை. தின்பண்டத்தைக்கூட என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சண்டை வந்தது. திருமழிசையில் உறவுக்காரக் குழந்தைக்குக் காது குத்தும் விசேஷம். ஆவடி அம்மா எனக்குப் புதுப் பாவாடை கொண்டுவந்திருந்தாள். அதை உடுத்திவிட்டு, ஓர் ஓரமாக உட்காரவைத்து என் சடையை அவிழ்த்து, புது ரிப்பன் வைத்துப் பின்னிவிட்டாள். அவள் விரல்கள் என் தலையில் பட்டது எனக்குத் தெரிந்து அன்றுதான் முதல் தடவை. பந்தி முடிந்து வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி பண்ணி வெச்சிகீற? நான் போட்ட சடைய அவுக்க நீ யாரு?”

“பெத்தவ ஒரு சடை போடக் கூடாதாக்கா?”

“பெத்தா ஆச்சா? இத்தினி வருசமா பேன் பாத்தது யாரு? ஈரு குத்துனது யாரு?”

கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா என்னைத் தன் முழங்காலுக்கிடையில் இழுத்து உட்காரவைத்துச் சடையை அவிழ்த்தாள். புது ரிப்பன் தரையில் விழுந்தது. மறுபடி பின்னினாள். இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆவடி அம்மா எதிரில் நின்று அதைப் பார்த்தபடியே, “என் பொண்ண என்கிட்ட குடுத்துடுக்கா” என்றாள். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது.

அதற்குப் பிறகு போக்குவரத்து நின்றது. அப்பா கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லியனுப்பினார். சைக்கிள் கடைக்கு வரும் ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவருக்கும் கூட்டாளிக்கும் இருந்த தகராறை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டிலேயே உட்காரவைத்துத் தீர்த்துவைத்தாராம். “கோர்ட்டுக்குப் போனா புள்ள பெருசாயி கல்யாணமே ஆயிடும் அண்ணாத்தே. அவராண்ட போய்ப் பாரு” என்று அவர் நைனாவிடம் சொன்னார். நைனாவே ஆவடிக்குப் போய் அப்பாவிடம் பேசிவிட்டு வந்தார். இருவரும் சம்மதித்தார்கள்.

நீதிபதியின் வீடு அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். சுற்றிலும் பாதி வயல், பாதி புது மனைக்கட்டு. வாசலில் சின்னப் பலகை. அதில் அவர் பெயரும், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி என்பதும், அதன்கீழ் ‘சமரசம் பேசித் தீர்க்கப்படும்’ என்பதும் எழுதியிருந்தன. முன்னறையில் நாற்காலி அவருக்கு மட்டும்தான். வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நீள பெஞ்ச். எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. அதனால் பெரியம்மாவும் ஆவடி அம்மாவும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நைனாவும் அப்பாவும். என்னை நீதிபதியின் மனைவி உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

“இங்கே ஒரே ஒரு விதிதான்” என்றார் நீதிபதி. “தங்கச்சி என்ன கேக்கறாங்கன்னு அக்கா சொல்லணும். அக்கா என்ன நினைக்கறாங்கன்னு தங்கச்சி சொல்லணும். ‘ஆமா, அதேதான்’னு அவங்க ஒத்துக்கற வரைக்கும் நாம மேலே போகப்போறதில்லை.”

“இது இன்னா சார் கூத்து? அவ பேச்ச நான் எதுக்குப் பேசணும்?”

“பேசிப் பாருங்கம்மா.”

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “அவளுக்கு நெஞ்சுல நோவு. ரத்தமா துப்புனா. அவளேதான் கொழந்தயக் கொண்டாந்து என் கையில குடுத்தா. குடுக்கும்போது மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினா, மூச்சு பட்டுடப் போவுதுன்னு. இப்ப ஒடம்பு தேறிடுச்சு. இன்னொண்ணு பொறக்காதுன்னு சொல்லிட்டாங்க. அதான் கேக்கறா.”

“அவ்வளவுதானாம்மா?” என்று நீதிபதி தங்கையைக் கேட்டார்.

“இன்னொண்ணு கீது சார்” என்றாள் ஆவடி அம்மா. “புள்ள என்னிய ஊர்ப் பேரு வெச்சுக் கூப்புடுது.”

உள்ளே நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெயரில் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அன்று ஆவடி அம்மாவால் அக்காவின் பக்கத்தைச் சொல்ல முடியவில்லை. தொடங்கும்போதே அழுதுவிட்டாள். அடுத்த வாரம் வந்தபோது சொன்னாள்: “புள்ளயக் குடுத்துட்டா வெறும் ஊட்ல இன்னா பண்றதுன்னு அக்கா நெனைக்குது.”

“அது இல்ல” என்று பெரியம்மா வெடுக்கென்று சொன்னாள். “நான் ஊட்டப் பத்தி நெனைக்கல. அதுக்குப் படுத்தா கால் நோவும். முழங்காலுக்குக் கீய புடிச்சு உடணும். இல்லன்னா தூங்காது. இவளுக்கு அது தெரியாதே, யாரு புடிச்சு உடுவான்னு நெனைக்கறேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது தடவை போனபோது அவர் என்னைத் தனியே தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கிணற்றடியில் கனகாம்பரம் வைத்திருந்தார். ஒரு சொம்பை என் கையில் கொடுத்துச் செடிகளுக்கு ஊற்றச் சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். பிறகு மண்டியிட்டு என் உயரத்துக்கு வந்து, “நீ யார்கூட இருக்கணும்னு ஆசைப்படறே?” என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பெரியவர் ஒருவர் மண்ணில் முழங்காலிட்டுக் கேட்கிறார் என்பதே பெரிதாக இருந்தது.

“ஆவடி” என்றேன்.

“ஏன்மா?”

“ஆவடி அம்மா அழுவாங்க. எங்கம்மா அழுவ மாட்டாங்க.”

அவர் என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார். “சரி. இது நமக்குள்ளேயே இருக்கட்டும்” என்று சொல்லி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஆவடி அம்மாவை அதிகம் பிடித்து அல்ல. பெரியம்மாவை நான் என்ன செய்தாலும் அவள் போய்விடமாட்டாள் என்ற தைரியம். மற்றவளிடம் அந்த நிச்சயம் இல்லை. இல்லை என்று சொன்னால் அவள் மறுபடி நோய்வாய்ப்பட்டுச் செத்துப்போவாள் என்றுகூட நினைத்தேன். யார்மேல் முழு உரிமை இருந்ததோ அவளைத்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடிந்தது.

உள்ளே வந்து நீதிபதி தீர்மானத்தைச் சொன்னார். பள்ளிக்கூட நாட்களில் நான் ஆவடியில். சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரையிலும், பெரிய லீவிலும் கரையான்சாவடியில். நைனா தலையை ஆட்டினார். அப்பா கைகூப்பினார். பெரியம்மா மட்டும் கேட்டாள்: “புள்ளயக் கேட்டீங்களா சார்?”

“கேட்டேன்.”

“இன்னா சொல்லிச்சு?”

“இது என் முடிவும்மா. குழந்தை பேச்சு இதிலே இல்லை.”

பொய் சொல்லிப் பழகாத மனிதர். சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை நன்றாகவே இருந்தது. நல்ல பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர், எல்லா ஊர்த் தமிழும் பேசும் பிள்ளைகள். ஆவடி அம்மா என்னைத் தொடப் பழகிக்கொண்டாள். முதலில் தலையை, பிறகு தோளை. இரவில் என் காலைப் பிடித்துவிடுவாள். பெரியம்மா சொன்ன அதே இடத்தில், முழங்காலுக்குக் கீழே. சரியாகத்தான் பிடித்துவிட்டாள். எனக்குத்தான் வலி நின்றுவிட்டதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. அவளை நான் ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்த நாளில் அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். இரக்கப்பட்டு வந்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது. தான் கேட்டதால் மகள் கிடைத்தாள் என்றும், மகளும் தன்னைத்தான் கேட்டிருப்பாள் என்றும் அவள் நம்பினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளை ஏமாற்றுகிறோம் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமைகளில் நைனா சைக்கிளில் வருவார். பருத்திப்பட்டு ஏரிக் காற்றில் பின்னால் உட்கார்ந்து நான் பேசிக்கொண்டே வருவேன். கரையான்சாவடி நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்துவிடும்.

பெரியம்மா என்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை விருந்தாளியாக்கிவிட்டாள். பாய் விரித்து உட்காரச் சொல்வாள். தட்டை நான் எடுக்கும் முன்பே வாங்கிக் கழுவப் போய்விடுவாள். தலை வாருமுன், “உங்கம்மா எண்ண வெக்கச் சொன்னாங்களா?” என்று கேட்பாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது என்னைத் திட்டுவாள். சோற்றை மிச்சம் வைத்தால் திட்டு, வெயிலில் திரிந்தால் திட்டு, நைனாவின் காற்றடிக்கும் பம்பை எடுத்து விளையாடினால் முதுகில் ஒன்று. எல்லாம் நின்றுபோனது. ஒரு தடவை வேண்டுமென்றே கடைச் சொல்யூஷன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். “பரவால்ல, உடு” என்று சொல்லித் தானே துடைத்தாள். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

இப்படியே மூன்று நான்கு வருடங்கள் போயின. ஒரு சனிக்கிழமை மத்தியானம், குடையும் கையுமாக நீதிபதி பஸ்ஸிலிருந்து இறங்கி, கடையைத் தேடிக்கொண்டு வந்தார். நைனா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் உள்ளே வந்து எங்கள் பாயிலேயே உட்கார்ந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார்.

“கோர்ட்டிலே இருந்தப்ப தீர்ப்பைச் சொல்லிட்டு எழுந்து போயிடுவேன்” என்றார். “அதுக்கப்புறம் அந்த ஜனங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கற வழக்கமே இல்லை. இப்போ பாக்கலாம்னு தோணுது. அதான் ஒவ்வொரு வீடா போயிட்டு வரேன்.”

பெரியம்மா எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரி பித்தளை டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். “குடிங்க சார்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “ஆறிடப் போவுது, எடுத்துக்க. சக்கர பத்தலன்னா சொல்லு” என்றாள். நீதிபதி அந்த இரண்டு டம்ளர்களையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீயைத் தொடவில்லை.

“அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றார். “அன்னைக்கு உங்க ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. முடிவு எடுக்க எனக்குத் தைரியம் வரலே. அதனாலே இதைக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். என் தலையிலே இருந்த பாரத்தை இறக்கி இது தலையிலே வெச்சுட்டேன். அப்புறம் என் முடிவுன்னு வேற சொன்னேன்.”

“அது சொன்னதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும் சார்.”

“அது ஏன் சொன்னதுன்னு தெரியுமா?”

பெரியம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். நீதிபதி என்னிடம் திரும்பினார். “நமக்குள்ளே இருக்கட்டும்னு வாக்கு கொடுத்தேன். நீ சொன்னா சொல்றேன். வேண்டாம்னா இப்படியே எழுந்து போயிடறேன்.”

அவரைச் சொல்லவிட எனக்கு மனம் வரவில்லை. நானே சொன்னேன். “ஆவடி அம்மா அழுவாங்க, நீ அழுவ மாட்டேன்னு சொன்னேம்மா.”

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு, “நான் அழுவ மாட்டேன்னு உனுக்கு எவடி சொன்னா?” என்றாள்.

அவ்வளவுதான். என்னை இழுத்து அணைக்கவில்லை. அடுப்படிப் பக்கம் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். நைனா கடையில் ஆளே இல்லாதபோதும் ஏதோ ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நீதிபதி கிளம்பும்போது நான் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். “இனிமே எந்தக் குழந்தைகிட்டேயும் அப்படிக் கேக்க மாட்டேன்” என்று அவர் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “இத ஆவடில சொல்லாதம்மா. அவங்க தாங்க மாட்டாங்க.”

“நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? அவ என் தங்கச்சிடி” என்றாள். சற்று நேரம் கழித்து, “டம்ளர எவ கழுவுவா? எந்திரி” என்றாள்.

எழுந்து கழுவினேன். ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திட்டினாள், அடிக்கவும் கை ஓங்கினாள்; ஓங்கிய கை பாதியில் நிற்கும். என்னை ஒருமுறை கொடுத்துவிட்டவள் அவள். அந்த ஞாபகம் கையிலேயே இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை நீதிபதிக்கு நேரில் கொடுக்க வேண்டும் என்று ஆவடி அம்மாதான் பிடிவாதமாகச் சொன்னாள். அக்காவையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாக அம்பத்தூர் போனோம். வாசலில் பலகை இல்லை. அவர் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு பக்கம் கை விளங்கவில்லை. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. எங்களை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

ஆவடி அம்மா பத்திரிகையை அவர் மார்பின்மேல் வைத்துவிட்டு, கைகூப்பி நின்றாள். “நீங்க இல்லன்னா என் பொண்ணு எனக்குக் கெடச்சிருக்க மாட்டா சார்” என்றாள். “ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு நீங்க மறைச்சுட்டீங்க. ஆனா எனக்குத் தெரியும். அது என்னியத்தான் கேட்டுச்சு. பெத்த வயிறு சார், தெரியாதா?”

நீதிபதியின் கண்கள் என் பக்கம் வந்தன. அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன். என் பக்கத்தில் நின்ற பெரியம்மாதான் பேசினாள்.

“ஆமா சார். உன்னத்தான் கேட்டுச்சுன்னு நானே இவகிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிகீறேன்.”

அவள் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. நீதிபதி நல்ல கையைத் தூக்கி என்னை அருகில் அழைத்து, “மனசுலே பாரம் எதுவும் இல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அக்காவும் தங்கையும் ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்து, மணவறையில் யார் எங்கே நிற்பது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். “நீ நில்லு, நீதான் பெத்தவ” என்று ஒருத்தி, “நீதான் வளர்த்தவ, நீ நில்லுக்கா” என்று மற்றவள். இருவருமே என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் எதிர் சீட்டில் உட்கார்ந்து, கேட்டுவிடுவார்களோ என்று ஆவடி வரும்வரை பயந்துகொண்டே வந்தேன்.